வாசனை எண்ணெய்களும் நமது கமமும்

(நிலாவெளிக் கமக்காரர்களுக்கென ஆக்கப்பட்ட சொற்பொழிவு)

நெல்லையும் வெங்காயத்தையும் மிளகாயையும் பற்றிப் பேசவேண்டிய இடத்தில் வாசனை எண்ணெயைப் பற்றிப் பேச்சு எழுவானேன் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. "புல்லை நட்டால் எண்ணெய் வடியும், எண்ணெய் வடிந்தாற் பணம் கொட்டும்" என்று சொல்லிக்கொண்டு நாற்றுக்கட்டுகளுடன் வருவோர் எந்தக் காலத்திலும் உளர். அவர் சொல்லை நம்பி வயலையோ தோட்டத்தையோ மாற்றிவிட்ட ஒருவர், இரண்டு ஆண்டு கழித்துப் பழைய பயிருக்குத் திரும்புவது எளிதன்று. அதேவேளையில், வாசனைப் பயிர்களால் நமக்கு நன்மையே இல்லை என்று தள்ளிவிடுவதும் அறியாமையாகும். ஆகையால் இவ்வெண்ணெய்கள் யாவை, எவ்வாறு எடுக்கப்படுகின்றன, எதற்குப் பயன்படுகின்றன, நமது மணற்பாங்கான நிலத்தில் எவற்றை எவ்வளவில் வளர்க்கலாம் என்பவற்றை ஒழுங்காக ஆராய்வோம்.

இருவகை எண்ணெய்

எண்ணெய் எல்லாம் ஒன்றல்ல. தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், வேப்பெண்ணெய் என்பன ஒருவகை. இவை வித்திலும் கொட்டையிலும் இருந்து செக்கிலிட்டு எடுக்கப்படுவன. ஆவியாகிப் போகாமல் நிலைத்து நிற்பன. மற்றொரு வகை, இலையிலும் பட்டையிலும் வேரிலும் பூவிலும் பழத்தோலிலும் மிகச் சிறிய பைகளிலே தங்கியிருக்கும் வாசனை எண்ணெய். இது காற்றுப் பட்டாற் பறந்துபோவது.

இவ்வேறுபாட்டை வீட்டிலேயே கண்டறியலாம். ஒரு வெள்ளைத் தாளில் ஒருபுறம் தேங்காயெண்ணெய் ஒரு துளியும் மறுபுறம் யூக்கலிப்டஸ் எண்ணெய் ஒரு துளியும் விட்டு வையுங்கள். மறுநாட் பார்த்தால் தேங்காயெண்ணெயின் கறை அப்படியே இருக்கும். மற்றதன் கறை மறைந்திருக்கும். நம் தாய்மார் இந்த உண்மையை அடுப்பங்கரையில் என்றோ அறிந்துவிட்டனர். கறிவேப்பிலையை இறுதியிலே தாளித்துக் கொட்டி உடனே சட்டியை மூடுவதும், அரைத்த சரக்குத்தூளை இறுக மூடிய போத்தலில் வைப்பதும் பறந்துபோகும் இவ்வெண்ணெயைக் காப்பதற்கேயன்றி வேறொன்றுக்கன்று.

எண்ணெய் வடிக்கும் முறை

வாசனை எண்ணெய் எடுக்கும் முறைகளுள் முதன்மையானது வாலையில் வடித்தலாகும். தழையை ஒரு பெரிய கலத்திலிட்டு அதனூடே நீராவியைச் செலுத்துவர். சூடான ஆவி எண்ணெயைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டு மேலெழும். அந்த ஆவி, குளிர்ந்த நீரில் அமிழ்ந்துள்ள சுருட்குழாய் வழியே செல்லும்போது மீண்டும் நீராகும். நீரும் எண்ணெயும் ஒரு பாத்திரத்தில் வந்து சேரும்; இரண்டும் ஒன்றோடொன்று கலவாமல் பிரிந்து நிற்கும். புல்லெண்ணெய்கள் நீரின்மேல் மிதக்கும். கராம்பெண்ணெயும் கறுவா இலை எண்ணெயும் நீரிலும் பாரமானவையாதலால் அடியில் தங்கும்.

தேசிக்காய், தோடை முதலியவற்றின் தோலிலுள்ள எண்ணெயைப் பிழிந்தும் எடுப்பதுண்டு. மல்லிகை போன்ற மென்மையான பூக்கள் நீராவியின் வெப்பத்தைத் தாங்கா. அவற்றின் மணத்தைக் கரைப்பான்களைக் கொண்டு தொழிற்சாலைகளிற் பிரித்தெடுப்பர்.

கிடைக்கும் எண்ணெயின் அளவு மிகச் சிறிது என்பதை முதலிலேயே மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். எலுமிச்சைப்புல் 100 கிலோவை வடித்தாற் கிடைப்பது ஏறத்தாழ அரைக் கிலோ எண்ணெய். பல வேளைகளில் அதற்கும் குறைவு. ஒரு கிலோ ரோசா எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கு மேற்பட்ட இதழ்கள் தேவை. அதனாலேயே விலையும் உயர்கிறது. அதனாலேயே கலப்படமும் புகுகிறது.

மணத்துக்கும் சுவைக்கும்

இவ்வெண்ணெய்கள் இன்று முகச்சவர்க்காரம் முதல் மருந்து வரை எங்கும் பரவியுள்ளன. சிற்றனெல்லா எண்ணெய் சவர்க்காரத்துக்கும் நுளம்பு விரட்டும் தைலங்களுக்கும் உதவுகிறது. எலுமிச்சைப்புல் எண்ணெயில் முக்காற்பங்களவு சித்திரால் என்னும் பொருள் உண்டு. அதிலிருந்து வயலட் மலரின் மணத்தை ஒத்த அயனோன் என்னும் பொருளைச் செய்யும் வழியை 1893 ஆம் ஆண்டிலே செருமானிய இரசாயனர்கள் கண்டனர். வெட்டிவேர் எண்ணெய் மெதுவாகவே ஆவியாகும். ஆதலால் விரைந்து பறக்கும் மற்ற மணங்களைப் பிடித்து நிறுத்துவதற்கென அதனை அத்தர்களிற் சேர்க்கின்றனர்.

உணவுக்குச் சுவையூட்டுவதிற் கறுவா முதலிடம் பெறுகிறது. பட்டை எண்ணெய் வேறு, இலை எண்ணெய் வேறு என்பதை அறிந்திருங்கள். பட்டையெண்ணெய் இனிய காரமுடையது. இனிப்புப் பண்டங்களுக்கு உகந்தது. இலையெண்ணெயில் யூசினோல் என்னும் பொருள் மிகுதி; அதன் மணம் கராம்பை ஒத்தது. பட்டை உரித்தபின் எஞ்சும் இலையே அதற்கு மூலப்பொருள். கழிவாகப் போகவேண்டியதைப் பொருளாக்கும் அந்தச் சிக்கனம் நாமும் பின்பற்றத்தக்கது. இலங்கைக் கறுவாவுக்கு 2022 ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. ஆயினும் கறுவா தென்மேற்கின் ஈரநிலப் பயிர். கராம்பும் சாதிக்காயும் மலைநாட்டுச் சாரல்களுக்கு உரியவை. நிலாவெளியின் வறண்ட மணலில் இவற்றை நட்டுப் பணத்தைப் புதைக்காதீர்கள்.

நோய்க்கும் உடல்நலத்துக்கும்

வாசனை எண்ணெய்களை முகர்ந்தும் உடலிற் பூசியும் நலம் பெறும் முறையை இக்காலத்தில் நறுமணச் சிகிச்சை என்கின்றனர். இப்பெயரைப் பரப்பியவர் பிரான்சிய இரசாயனரான ரெனே மோறிஸ் கற்றபோசே. 1937 ஆம் ஆண்டில் இப்பெயராலேயே ஒரு நூலை வெளியிட்டார். பெயர் புதிதாயினும் வழக்கம் நமக்குப் புதிதன்று. நொச்சியிலையில் ஆவி பிடிப்பதும், பல்வலிக்குக் கராம்பெண்ணெய் தொட்டு வைப்பதும், ஓமத் திராவகம் கொடுப்பதும் நம் வீடுகளிற் பழகியவையே.

இவற்றாற் பயன் உண்டா என்றால், அளவறிந்து கூறவேண்டும். நன்மணம் மனத்தை அமைதிப்படுத்தும். எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுதல் உடலலுப்பைத் தணிக்கும். கராம்பெண்ணெயிலுள்ள யூசினோல் பல்வலியைச் சிறிது நேரம் மரக்கச் செய்யும். ஆனால் நீரிழிவையோ இரத்த அழுத்தத்தையோ புற்றுநோயையோ வாசனை எண்ணெய் தீர்க்கும் என்று எவரேனும் கூறினால் நம்பவேண்டா. வைத்தியர் கொடுத்த மருந்தை இதற்காக நிறுத்தவும் வேண்டா.

நுளம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிற்றனெல்லா எண்ணெய் நுளம்பை விரட்டுவது உண்மை. ஆயினும் அது விரைவில் ஆவியாவதால் அதன் காவல் சிறிது நேரத்துக்கே. இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதென 2016 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆனால் டெங்கு நம்மை விட்டு அகலவில்லை. சிரட்டையிலும் பழைய டயரிலும் தேங்கிய நீரைக் கவிழ்த்துக் கொட்டுவதற்கும் நுளம்பு வலைக்கும் எந்த எண்ணெயும் ஈடாகாது.

வீட்டில் இவ்வெண்ணெய்களைக் கையாளுவோர் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்:

1. நீர்த்துப்போகச் செய்யாத எண்ணெயைத் தோலிற் பூசலாகாது. இரண்டு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய்க்கு 6 துளி முதல் 12 துளி வரை போதும். கறுவாப்பட்டை எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். அதனைப் பூசவே வேண்டா.

2. தேசிக்காய்த் தோலிற் பிழிந்த எண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலிற் சென்றால் தோல் கருகிக் கொப்புளிக்கும்.

3. வாசனை எண்ணெயைக் குடித்தல் ஆபத்து. யூக்கலிப்டஸ் எண்ணெய் ஒரு தேக்கரண்டி உட்சென்றாலே குழந்தைக்கு வலிப்பும் மயக்கமும் வரலாம். கற்பூரமும் அத்தகையதே. போத்தல்களைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்திற் பூட்டி வையுங்கள். தவறிக் குடித்துவிட்டால் வாந்தியெடுக்கச் செய்யாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். போத்தலையும் உடன் கொண்டுபோங்கள்.

4. கைக்குழந்தைகளின் மூக்கருகே கற்பூரம், மென்தோல், யூக்கலிப்டஸ் சேர்ந்த தைலங்களைத் தடவலாகாது. கருவுற்ற தாய்மார் வைத்தியரைக் கேளாமல் எதனையும் பயன்படுத்தலாகாது.

5. பூச்சியை ஒழிக்குமென்று கருதி வடித்த எண்ணெயைப் பயிரில் அப்படியே தெளித்தால் இலை கருகும். பூச்சித் தாக்கம் கண்டால் உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் இலையுடன் சென்று கேளுங்கள்.

சிற்றனெல்லா தரும் படிப்பினை

இனி, இத்தொழிலில் இறங்க எண்ணுவோர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய ஒரு வரலாற்றைச் சொல்லுகிறேன். அது வேறு தேசத்துக் கதையன்று. நம் தீவின் தென்கோடியில் நிகழ்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகச் சந்தையில் சிற்றனெல்லா எண்ணெய் என்றால் அது இலங்கை எண்ணெயே. மாத்தறை, அம்பாந்தோட்டைப் பகுதிகளில் வேறு பயிர் ஏறாத மேட்டுநிலங்களில் இப்புல் பெருகி வளர்ந்தது. வாலைகள் பல எழுந்தன. வாங்குவோர் பெருகவே, எடையைக் கூட்டும் ஆசையும் பெருகியது. எண்ணெயில் மண்ணெண்ணெயையும் கொழுப்பெண்ணெய்களையும் கலந்து அனுப்பத் தொடங்கினர்.

இதனைக் கண்டுபிடிக்கச் செருமனியிலிருந்த சிம்மல் என்னும் வாசனை எண்ணெய் நிறுவனத்தார் ஒரு சோதனையை வகுத்தனர். தூய சிற்றனெல்லா எண்ணெய் ஒரு பங்கு, 80 வீத மதுசாரம் பத்துப் பங்கிலே தெளிவாகக் கரைந்துவிடும். மண்ணெண்ணெய் அதிற் கரையாது. ஆகவே கலப்பெண்ணெய் கலங்கி, துளிகள் பிரியும். சந்தையார் இச்சோதனையை ஏற்றனர். ஆனால் சோதனைக்குத் தப்பும் அளவுக்கு மட்டும் கலக்கக் கற்றுக்கொண்டவர்களும் இருந்தனர்! அவர்களையும் பிடிக்க, எண்ணெயிலே நூற்றுக்கு ஐந்து வீதம் மண்ணெண்ணெயைச் சோதிப்பவரே சேர்த்து, அதன்பின்னும் அது கரைகின்றதா என்று பார்க்கும் கடுமையான சோதனை ஒன்று பின்னர் வந்தது.

இந்த இழுபறி நடந்துகொண்டிருந்த காலத்திலே சாவகத் தீவில் வேறொரு வகைப் புல் பயிராயிற்று. அதன் பெயர் மகாபெங்கிரி. பெயரே சிங்களப் பெயர் என்பதைக் கவனியுங்கள். நம் தீவிலிருந்தே அப்புல் அங்குச் சென்றது என்பர். நம் தெற்கில் பெரிதும் பயிரானதோ லேனபட்டு என்னும் வகை. மகாபெங்கிரி எண்ணெயில் கெரனியோல், சிற்றனெல்லால் என்னும் மணப்பொருள்கள் இரண்டும் சேர்ந்து நூற்றுக்கு 85 வீதமளவு இருக்கும். லேனபட்டு எண்ணெயில் அவை 60 வீதத்தை ஒட்டியே நிற்கும். வாங்குவோர் சாவக எண்ணெயை நாடினர். இலங்கை எண்ணெயின் விலை தாழ்ந்தது, சந்தையும் சுருங்கியது. இன்று சீனமும் இந்தோனேசியாவும் முன்னிற்கின்றன. இலங்கை வகை எண்ணெய்க்கும் சாவக வகை எண்ணெய்க்கும் சர்வதேசத் தரக்குறிப்புகள் இன்றும் தனித்தனியே உள்ளன.

இவ்வரலாறு கற்பிப்பன இரண்டு. நல்ல வகையைத் தெரிந்தெடாமல் நட்டவன் தோட்டத்திலே தோற்பான். கலப்படம் செய்தவன் சந்தையிலே தோற்பான். அவனோடு கலப்படம் செய்யாத அவன் அயலவனும் தோற்பான். தெற்கில் மண்ணெண்ணெய் கலந்தவர் சிலரேயாயினும், விலை வீழ்ந்தபோது அது எல்லாக் கமக்காரர் தலையிலும் விழுந்தது.

நமது நிலத்துக்கு எவை ஏற்றவை?

நிலாவெளியில் மழையைத் தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஐப்பசி முதல் தை வரை பெய்யும் மழையே பெரும்போகத்தின் உயிர். பின்னர் கச்சான் காற்று வீசும் மாதங்களில் மண் காய்ந்து கிடக்கும். கடலோரம் மணல், களப்போரம் உவர். இவற்றைக் கருதி நோக்கினால் நமக்கு ஏற்றவை மூன்று.

முதலாவது, எலுமிச்சைப்புல். சிங்களத்தில் இதனைச் சேர என்பர். கறிக்கும் தேநீருக்கும் உதவுவதால், எண்ணெய் வடிக்காவிட்டாலும் இதன் தழை விலைபோகும். நீர் தேங்காத இடத்தில் மழைத் தொடக்கத்தில் தூர்களைப் பிரித்து இரண்டடிக்கு ஒன்றாக நடுங்கள். இவ்வாறு நட்டால் 10 பேர்ச் நிலத்துக்கு ஏறத்தாழ 680 தூர்கள் வேண்டும். ஐந்தாறு மாதத்தில் முதல் வெட்டு. அதன்பின் ஈரத்துக்கேற்ப மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நிலத்திலிருந்து நாலைந்து அங்குலம் விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் தூர் சாகும்.

இரண்டாவது, வெட்டிவேர். கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டின் கடலூர்க் கரையோர மணலிற் கமக்காரர் இதனைப் பயிரிடுகின்றனர். நம் மணலும் அத்தகையதே. நட்டு ஒன்றேகால் ஆண்டு முதல் ஒன்றரை ஆண்டில் வேர் முதிரும். மணலிலே வேர் அறாமல் தோண்டியெடுக்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: வயல் வரம்பையும் வாய்க்கால் கரையையும் காப்பதற்கென நட்ட வெட்டிவேரை எண்ணெய்க்காகத் தோண்டவே கூடாது. வேரைத் தோண்டினால் வரம்பும் சேர்ந்து போகும். காவலுக்கு நட்டது வேறு, விற்பனைக்கு நட்டது வேறு என்று இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சிற்றனெல்லா. நெல்லும் மரக்கறியும் ஏறாத மேட்டுநிலத்துக்கே இது உரியது. கால்நடைகள் இதனைப் பெரிதும் விரும்புவதில்லை என்பது ஒரு வசதி. வகை அறிந்து நாற்று வாங்குங்கள். காய்ந்த புல் எளிதில் தீப்பற்றுமாதலால் வீட்டு வேலியோரம் நடவேண்டா.

இவற்றுள் எதனையும் நெல்வயலிலோ வெங்காயத் தறையிலோ நடுமாறு நாம் கூறவில்லை. நெல் வீட்டுக்குச் சோறு தருவது. விலை வீழ்ந்த ஆண்டிலும் நெல்லை உண்ணலாம். எண்ணெயை உண்ண முடியாது. தரிசாகக் கிடக்கும் பத்துப் பேர்ச்சிலே தொடங்குங்கள்.

வாலை அமைக்குமுன் போடவேண்டிய கணக்கு

ஒரு வெட்டில் 1,000 கிலோ பசும்புல் கிடைத்தால் அதில் வடியும் எண்ணெய் 3 கிலோ முதல் 5 கிலோ வரை என்று கொள்ளுங்கள். ஒரு தாளை எடுத்து, ஒருபுறம் அவ்வெண்ணெய்க்கு வாங்குபவர் தரும் விலையை எழுதுங்கள். மறுபுறம் வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, விறகு, வாலையின் தேய்மானம், உங்கள் சொந்த உழைப்பு ஆகியவற்றை எழுதுங்கள். சொந்த உழைப்பை விட்டுவிட்டுப் போடும் கணக்கு கணக்கன்று.

விறகிலும் பெரிய கேள்வி தண்ணீர். சுருட்குழாயைக் குளிர்விக்க நிறைய நீர் வேண்டும். நமது கடலோரக் கிணறுகளில் நல்ல நீர் உப்புநீரின்மேல் ஒரு மெல்லிய படையாகவே மிதந்துகொண்டிருக்கிறது. அளவுக்கு மேல் இறைத்தால் உவர் மேலேறும்; அதன்பின் அந்தக் கிணறு வெங்காயத்துக்கும் உதவாது, வீட்டுக்கும் உதவாது. ஆகவே ஒரே நீரைத் தொட்டியில் ஆறவிட்டுத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடு இல்லாமல் இங்கே வாலை வைக்கலாகாது. பயிருக்கு வேண்டிய நீரை எண்ணெய்க்குச் செலவிடுவது முதலைத் தின்று வட்டி பெறுவதை ஒக்கும்.

ஒரு குடும்பத்துக்கு ஒரு வாலை கட்டுப்படியாகாது. பத்துப் பதினைந்து குடும்பங்கள் கூட்டுறவாகச் சேர்ந்து, வெட்டும் நாட்களை முறைவைத்துக்கொண்டால் ஒரு வாலை போதும். கலம் செம்பாலோ துருப்பிடிக்காத உருக்காலோ ஆகியதாக இருக்கவேண்டும். இரும்புக் கலத்தில் எண்ணெயின் நிறம் கெடும். வெட்டிய புல்லை நிழலிற் சில மணிநேரம் வாடவிட்டு வடித்தால் விறகு மிச்சமாகும். வடித்த எண்ணெயிலிருந்து நீரை முற்றாகப் பிரித்து, வடிகட்டி, நிறப்போத்தல்களில் கழுத்துவரை நிரப்பி, குளிர்ந்த இருட்டிடத்தில் வையுங்கள். சாதாரணப் பிளாஸ்ரிக் கலன்களை இவ்வெண்ணெய்கள் அரித்துக் கெடுக்கும். வடித்தெடுத்த புற்சக்கையை எறியாதீர்கள். உலர்த்தினால் அடுத்த வடிப்புக்கு விறகு. மட்கவிட்டால் கத்தரிக்கும் மிளகாய்க்கும் பசளை.

எல்லாவற்றிலும் எளிய தொடக்கம் ஒன்று உண்டு. முதலாண்டில் எண்ணெயை நாடாமல் இலையையும் வேரையும் அப்படியே விற்றுப் பாருங்கள். நிலாவெளிக் கடற்கரை விடுதிகளிற் சித்திரை கழிந்தபின் பயணிகள் கூடுவர். அச்சமையற்கூடங்களுக்குப் பச்சை எலுமிச்சைப்புல்லும் இறம்பையும் கறிவேப்பிலையும் தேசிக்காயும் தேவை. உலர்த்திய எலுமிச்சைப்புல்லைத் தேநீருக்கெனக் கட்டி விற்கலாம். வெட்டிவேரைச் சிறு கட்டுகளாக்கிப் பூசைக்கும் பெட்டகத்துக்கும் விற்கலாம். இதில் வாலையும் இல்லை, விறகும் இல்லை, கடனும் இல்லை. வாங்குவோர் நிலைத்தபின் வாலையைப் பற்றி யோசிக்கலாம்.

முடிவுரை

அன்பர்களே, கூறியவற்றைத் தொகுத்துக் கூறுகிறேன். வயலை மாற்றாதீர்கள், தரிசைப் பயன்படுத்துங்கள். வாங்குபவரை அறிந்தபின் நடுங்கள். நாற்று விற்பவரே எண்ணெயையும் வாங்குவதாகச் சொன்னால் அச்சொல்லை எழுத்திற் பெறுங்கள். கிணற்றைக் காத்துக்கொள்ளுங்கள். ஒரு துளியேனும் கலப்படம் செய்யாதீர்கள். செய்பவரைக் கூட்டுறவிற் சேர்க்காதீர்கள். நாற்று வகை, நடுகை, வடிப்பு பற்றிய ஆலோசனைக்கு ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தாரை நாடலாம். அவர்களை அணுகும் வழியை உங்கள் கமநல சேவை நிலையத்திற் கேட்டறியுங்கள்.

புல்லின் மணம் காற்றோடு போய்விடும். கமக்காரன் நேர்மையின் மணமோ சந்தையில் நெடுநாள் நிற்கும். அதனை இழவாமல் இப்புதுப் பயிரைச் சிறிதாகத் தொடங்கிச் சீராக வளர்ப்பீர்களாக.